கந்தப்பு வைத்த தணல்

புதுக் கொள்ளிச்சட்டியில் அடுப்புக்கரியை அடுக்கி முடித்த சபாபதி, தலையைத் தூக்காமலே தீப்பெட்டி கேட்டார்.

கூடத்தில் குருக்களோடு சேர்ந்து திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்து முடித்திருந்தார்கள். பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையாக நின்றார்கள். சிவமலர் அரிசித் தட்டைப் பிடித்துக்கொண்டு மாமனார் கந்தப்புவின் தலைமாட்டில் நின்றாள். வாசலில் சவ வண்டிக்காரன் ஜெயராஜின் வேன் பின்கதவைத் திறந்தபடி காத்திருந்தது. மழைக்கு முன் புறப்பட்டுவிட வேண்டுமென்று வந்தவர்கள் எல்லாரும் அடிக்கடி வானத்தைப் பார்த்தார்கள். கிள்ளானில் அந்த மாதத்தில் மத்தியானம் தாண்டினால் மழை சொல்லாமல் வந்துவிடும்.

சபாபதி பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர் வீடுகளில் சாவு என்றால், செந்தூல் ஆனாலும் கிள்ளான் ஆனாலும் அவருக்குத்தான் முதல் டெலிபோன். கத்தரி, நூல், கற்பூரம், சட்டி கட்டுகிற கயிறு எல்லாம் ஒரு பழைய ஏர்லைன் பையில் அவரிடம் தயாராக இருக்கும். எமனே வந்தாலும் வரிசையில் நில்லுங்க என்று சொல்லிவிடுவார் என்று சிவமலரின் கணவன் யோகநாதன் அவரைக் கேலி செய்வதுண்டு. இன்று அந்த யோகநாதன், ஈர வேட்டியும் வெறும் மேலுமாக, அவர் சொல்லுகிற இடத்தில் உட்கார்ந்து, சொல்லுகிறபோது எழுந்துகொண்டிருந்தான்.

ஜெயராஜ் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினான்.

"தீப்பெட்டி வேணாம்."

சொன்னது குணபூசணி. காலையில் உடல் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. ஒப்பாரி வைக்கவில்லை, யாரையும் கட்டிப்பிடித்து அழவும் இல்லை. கணவனின் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி இருந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், எப்படியாவது அழவைக்க வேண்டும் என்று பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் அடுக்களையில் பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவள் பேசியதும் கூடமே அவள் பக்கம் திரும்பியது.

"என்ன தங்கச்சி?" என்றார் சபாபதி.

"வீட்டு நெருப்புத்தானே சட்டியில போகணும்?"

சபாபதி பொறுமையாக விளக்கினார். அந்தக் காலத்தில் அடுப்படியில் எந்நேரமும் தணல் இருந்தது, அள்ளிச் சட்டியில் போட்டோம். இப்போது எந்த வீட்டில் விறகடுப்பு இருக்கிறது? கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு தணலுக்கு எங்கே போவது? பிரிக்பீல்ட்ஸில் எத்தனையோ வருடமாகக் கற்பூரமும் தீப்பெட்டியும்தான்; இதுவரை போய்ச் சேர்ந்தவர் யாரும் திரும்பி வந்து குறை சொல்லவில்லை.

ஒன்றிரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். குணபூசணி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"ஊருக்கெல்லாம் வெந்நீர் வெச்ச மனுஷன். அவருக்குக் கடைத் தீக்குச்சியா? பின்கட்டுல அவர் வெச்ச நெருப்பு இருக்கும்."

யோகநாதன் தாயின் அருகே குனிந்தான். "அம்மா, அது அணைச்சாச்சும்மா. அப்பா ஆஸ்பத்திரியில கேட்டப்ப மலர்தான் சொன்னாளே, தண்ணி ஊத்திட்டேன்னு."

எல்லாரும் சிவமலரைப் பார்த்தார்கள். குணபூசணியும் பார்த்தாள். சிவமலரின் கையிலிருந்த தட்டில் அரிசி ஒரு பக்கமாகச் சரிந்தது.

"மழை வேற பேஞ்சுதே மாமி," என்றாள் சிவமலர்.

குணபூசணி இன்னும் கொஞ்ச நேரம் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, விடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கணவன் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

சிவமலர் தட்டைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். அடுக்களை வழியாகப் பின்புறம் நடந்தாள். அவள் தண்ணீர் ஊற்றவே இல்லை.

*

கந்தப்பு, துறைமுகத்து ரயில் கூட்ஸ் ஆபீஸில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேனா பிடித்த கைதான். ஆனால் ஆபீஸில் இருந்த காலத்திலேயே, கப்பலிலிருந்து இறங்கும் சாமான்களைவிட அவை வந்த பெட்டிகள்மேல்தான் அவருக்குக் கண். ஜப்பானிலிருந்து மெஷின் வந்த பெட்டி, சீனாவிலிருந்து பீங்கான் வந்த பெட்டி, கொழும்புத் தேயிலைப் பெட்டி என்று வீசியெறிகிற பலகை எதுவானாலும் சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு சைக்கிளுக்கு முழுநேர வேலை வந்தது. புது வீடுகள் கட்டுகிற இடம், பட்டறை வாசல், பாசார் பின்புறம் எல்லாம் போய்வந்தார்.

கொண்டுவந்ததைப் பின்கட்டில் மூன்று குவியலாகப் பிரிப்பார். ஒன்று, ஏதாவது செய்கிற மரம். மற்றொன்று, எரிக்கிற மரம். மூன்றாவது குவியல்தான் மூன்றிலும் பெரியது. அது என்ன என்று கேட்டால், அது யோசிக்கிற மரம் என்பார். யார் யோசிக்கிறது, மரமா நீங்களா என்று குணபூசணி கேட்பாள்.

செய்கிற மரத்திலிருந்து கோழிக்கூடு வந்தது, அடுக்களைத் தட்டு வந்தது, செருப்பு வைக்கிற பெட்டி வந்தது. சிவமலர் கல்யாணமாகி வந்த முதல் நாள், தாய் தகப்பனை நினைத்து அழுதுகொண்டே உட்கார்ந்த நாற்காலியின் முதுகில், ஈரம் படாமல் வைக்கவும் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. யோகநாதன் அதைக் காட்டியபோது அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

எரிக்கிற மரத்துக்குச் சாயங்காலம்தான் நேரம். வேலியோரம் ஒரு குழி. சுற்றிலும் உடைந்த செங்கல். மேலே, நான்கு கம்புகளில் சாய்வாக நிறுத்திய தகரம் ஒன்று. குழியின் அடியில் மரவாடியிலிருந்து சாக்கில் வாங்கிவந்த மரத்தூளை மிதித்து இறுக்குவார். நடுவே ஒரு பாக்காவ் தலை. சேற்று நிலத்தில் வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்காகப் பாக்காவ் மரத்தைக் கம்பம் கம்பமாகத் தரைக்குள் அடித்து இறக்குவார்கள். இறங்கியது போக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலையை வெட்டிப் போட்டுவிடுவார்கள். அதுதான் பாக்காவ் தலை. கடற்கரைச் சேற்றில் உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த மரம், லேசில் பற்றாது. பற்றினால் லேசில் விடாது. அதைச் சுற்றிப் பெட்டிப் பலகைகளைச் சாத்தி நெருப்பு வைப்பார். தார் பூசிய ரயில் கட்டையை மட்டும் ஒருநாளும் எரிக்கமாட்டார். அந்தப் புகை பிள்ளைகளுக்கு ஆகாது, அது படியாகக் கிடக்கட்டும் என்பார். எரிந்து முடிந்த சாம்பலில் ஒரு பழைய ரேடியோக் காந்தத்தைக் கயிறு கட்டி இழுத்து ஆணிகளையெல்லாம் பொறுக்கிவிடுவார். அந்த ஆணிதான் மறுநாள் அடுத்த பலகையில் ஏறும்.

நெருப்பின் மேல் ஒரு பாதி ட்ரம் தண்ணீர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். யார் வேண்டுமானாலும் வாளியோடு வரலாம். பக்கத்து வீட்டு லத்தீஃபா மூன்று பிள்ளை பெற்றாள். மூன்று பேற்றுக்கும் நாற்பது நாள் குளியலுக்கு வெந்நீர் வேலிக்கு மேலாகத்தான் போனது. அவள் புருஷன் கௌஸுக்கு மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை. துணி வந்த பெட்டிகளை உடைத்து, வேனில் போட்டுக் கொண்டுவந்து, அங்கிள், உங்க சாமான் என்று வேலிக்கு இந்தப் பக்கம் இறக்கிவிடுவான்.

சிவமலருக்கு இதெல்லாம் ஒரு சங்கடம். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. உடுத்திப்போகிற சேலையெல்லாம் கருவாட்டுக் கடையில் தொங்கவிட்டது போல மணக்கிறது என்று ஒருநாள் மாமனாரிடம் நேராகவே சொல்லிவிட்டாள். மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது, துணிக்கொடி வீட்டின் அந்தப் பக்கத்துக்கு மாறியிருந்தது. புதுக்கம்பு நட்டு, குறுக்குச் சட்டம் அடித்து, கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். அடுத்த மாதம் காற்று திசை மாறிப் புகை அந்தப் பக்கம் போனது. அதற்கும் அவர் யோசிக்கிற மரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவள்தான், போதும் மாமா, விடுங்க என்றாள்.

அன்றைக்கு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நெருப்பு வைத்துவிட்டு, ட்ரம்மை ஏற்றுவதற்கு முன் குழி ஓரம் குந்தியிருந்தவர், குந்தியபடியே பக்கவாட்டில் சரிந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கௌஸின் வேனில்தான் ஏற்றினார்கள். ஏற்றும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "மலர், நெருப்புல தண்ணி ஊத்திட்டு வா. வீட்டுல ஆள் இல்லை."

அவள் வாளியைத் தூக்கினாள். அதற்குள் குணபூசணி செருப்புக் கிடைக்காமல் வெறுங்காலோடு வேனை நோக்கி ஓடினாள். வாளியைப் போட்டுவிட்டு அவளைப் பிடிக்க ஓடினாள் சிவமலர். வேன் கிளம்பிவிட்டது. பாதி வழியில்தான் நெருப்பு நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டியது. மழை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் எல்லாம் மருந்து, டாக்டர், நாற்காலியில் தூக்கம்.

மூக்கில் குழாயோடு இருந்தவர் கண் விழித்ததும் கேட்டார், "ஊத்தினியா?"

அவர் பதற்றப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஊத்திட்டேன் மாமா."

மறுநாள் அவள் கஞ்சி ஊட்டும்போது திரும்பவும் கேட்டார், "முழு வாளியா?"

"முழு வாளி மாமா."

அவர் முகத்தில் ஏதோ ஓடியது. சிரிப்பு மாதிரி இருந்தது. குழாய் மறைத்ததால் சரியாகத் தெரியவில்லை. அதன் பிறகு அவளோடு அவர் பேசவில்லை. இன்று விடிகாலையில் போய்விட்டார்.

*

அடுக்களையில் லத்தீஃபா பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் உலை வைக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து அவள் வீட்டு அடுப்புத்தான் இரண்டு வீட்டுக்கும் எரிந்தது. சிவமலர் பின்கதவைத் திறந்து படியிறங்குவதைப் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே வந்தாள்.

பின்கட்டு முழுவதும் ஈரம். மரக்குவியல்கள் கறுத்துப்போய் நின்றன. கோழிகள் தண்ணீரில் கால் வைக்கப் பிடிக்காமல் கூட்டின் மேல் ஏறியிருந்தன. குழியின் தகரம் காற்றில் ஒரு பக்கம் சரிந்து, செங்கல்மேல் படுத்திருந்தது. அதன்மேல் இன்னும் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது.

"என்னக்கா தேடுறீங்க?"

சிவமலர் சொன்னாள். மாமி கேட்டதைச் சொன்னாள். தான் ஊற்றாமல் போனதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, எப்படியும் மழையில் போயிருக்கும், பார்க்காமல் இருக்க மனசு வரவில்லை என்றாள்.

லத்தீஃபா குழியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நேத்துக் காலைல இங்க புகை வந்துச்சு மலரக்கா," என்றாள். "லேசாத்தான். நான் அங்கிள் வீட்டுக்கு வந்துட்டாருன்னு நெனைச்சுட்டேன். கஞ்சி குடுக்கலாம்னு கொண்டாந்தேன். கதவு பூட்டியிருந்துச்சு."

இருவரும் சேர்ந்து தகரத்தைத் தூக்கினார்கள்.

அடியில் சாம்பல் அடை போல இறுகிக் கிடந்தது. ஓரத்தில் நனைந்து சேறாகி, அதன்மேல் ஒரு கோழியின் காலடி கூடப் பதிந்திருந்தது. சுவரில் சாத்தியிருந்த நீளக் கம்பியை எடுத்து மேல் அடையை உடைத்தாள். அதற்குக் கீழே சாம்பல் காய்ந்து மாவாக இருந்தது. அதற்கும் கீழே கறுப்பு மரத்தூள். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். கோழி எழுந்துபோன முட்டையில் இருக்குமே, அந்த அளவு சூடு. தன் கைச் சூடோ என்று சந்தேகம் வந்து, மறுகையை வைத்துப் பார்த்தாள்.

கம்பி பாக்காவ் தலையில் தட்டியது. சாம்பலை விலக்கினாள். கட்டை கறுத்து, வெடித்து, ஒரு பொட்டுச் சிவப்பில்லாமல் கிடந்தது. புகையும் இல்லை.

"அணைஞ்சுபோச்சு போலக்கா," என்றாள் லத்தீஃபா மெதுவாக.

கூடத்திலிருந்து குருக்களின் குரல் கேட்டது. முடிக்கப்போகிறார். சிவமலர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். கம்பியைக் கட்டைக்கு அடியில் கொடுத்து, முழங்காலை மண்ணில் ஊன்றி, நெம்பினாள். முதலில் அசையவில்லை. லத்தீஃபாவும் கம்பியைப் பிடித்தாள். கட்டை சாம்பலை உதறிக்கொண்டு மெல்லப் புரண்டு, மல்லாந்து விழுந்தது.

இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

அடிப்பக்கம் முழுக்கக் குடைந்து போயிருந்தது. வெளியே விரற்கடைக் கரி, உள்ளே குகை. குகை முழுவதும் சிவப்பு. மேலோட்டமான சிவப்பு இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக, அறைக்குள் அறையாக, கண்ணுக்கு எட்டுகிற வரை உள்ளே போய்க்கொண்டே இருந்த சிவப்பு. சுவாலை இல்லை, சத்தம் இல்லை. அத்தனை மழையும் இதன் தலைக்கு மேலேதான் பெய்திருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் போயிருக்கிறார்கள். இது பாட்டுக்கு இருந்திருக்கிறது.

காற்று லேசாக வந்தது. உள்ளே சிவப்பு எழுந்தது. காற்று போனதும் தாழ்ந்தது. திரும்பவும் எழுந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி மாமனாரின் மூச்சில் ஒரு போர்வை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்த சிவமலர், இப்போது இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் எரிந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை.

"சுப்ஹானல்லாஹ்," என்றாள் லத்தீஃபா, தனக்குள்.

எவ்வளவு நேரம் நின்றார்களோ. உள்ளே யாரோ யோகநாதனைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டபிறகுதான் சிவமலருக்கு அடுத்த வேலை தெரிந்தது. கட்டையை உடைக்க வேண்டும். கோடரியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"முழுசாப் போகாதாக்கா?"

"சட்டி சின்னது லத்தீஃபா."

கோடரியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணாடி விழுந்தது போல டிங்கென்று ஓசை வந்தது. கட்டை இரண்டாகப் பிளந்தது. பொறிகள் அவள் முகத்தளவு உயர்ந்து, ஈரக்காற்றில் ஒவ்வொன்றாக அவிந்தன. லத்தீஃபா ஓடிப்போய் ஒரு பழைய இரும்புக் குவாலிச் சட்டியைக் கொண்டுவந்தாள். அடியில் சாம்பல் போட்டு, அதன்மேல் இடுக்கியால் தணலை எடுத்து வைத்தார்கள். குவாலியின் ஒரு காதை இவள் பிடிக்க, மறுகாதை அவள் பிடிக்க, வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கவழியாக வாசலுக்குக் கொண்டுபோனார்கள். முன்மூலை வந்ததும் லத்தீஃபா நின்றாள்.

"இனி நீங்க போங்கக்கா."

சபாபதி ஒரு குச்சியை எடுத்துத் தீப்பெட்டியில் வைத்து உரசப்போகிற நேரம். குவாலியோடு வருகிறவளைப் பார்த்தார். முழங்காலில் சேறு, கையெல்லாம் கரி, முகத்தில் சாம்பல். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு குவாலிக்குள் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, குச்சியைத் தீப்பெட்டிக்குள் திரும்பப் போட்டார்.

"செவ்வாய்க்கிழமை வெச்சதா?" என்றார்.

"ஆமா அங்கிள்."

ஜெயராஜ் எட்டிப் பார்த்தான். தெருவில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். சூட்டின் மேல் கையைக் காட்டுகிறவர்கள் போல ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் குனிந்து பார்த்தார்கள்.

யோகநாதன் மட்டும், "நீ ஊத்தலையா?" என்றான்.

"ஊத்தல."

அவள் ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் இப்போது எல்லார் முன்னாலும் குவாலியில் எரிந்துகொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் பெண்களில் ஒருத்தி மற்றொருத்தியைத் திரும்பிப் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது.

கூட்டம் விலகியது. குணபூசணி எழுந்து வந்திருந்தாள். யாரும் கைகொடுக்க விடாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். சிவமலரின் கையிலிருந்த இடுக்கியை வாங்கி, தணலை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியிலிருந்த கரியின்மேல் வைத்தாள். அவசரப்படவில்லை. குழம்புக்குப் புளி போடுகிறவள் போல, இவ்வளவு போதுமா என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். சிவமலர் குவாலியைச் சாய்த்துப் பிடித்தபடி அவள் பக்கத்தில் குந்தியிருந்தாள். இருவர் தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான் குணபூசணி, மற்றவர் காதில் விழாத குரலில் சொன்னாள்.

"ஊத்தலைன்னு அவருக்குத் தெரியும்."

சிவமலர் நிமிர்ந்தாள்.

"குவாலியை ஆட்டாத. நீ வெறும் வாளியைப் போட்டுட்டு ஓடிவந்ததை வேனுக்குள்ள இருந்தே பாத்துட்டார். 'பிள்ளை பொய் சொல்லுது, நான் பயந்துருவேன்னு சொல்லுது. மழை இருக்கு, ஒண்ணும் ஆகாது'ன்னார் எங்கிட்ட."

"பின்ன ஏன் மாமி திரும்பக் கேட்டார்?"

குணபூசணி கடைசித் தணலை எடுத்தாள். அதைச் சட்டியில் வைக்காமல் கொஞ்ச நேரம் இடுக்கியிலேயே பிடித்திருந்தாள்.

"நீ முழு வாளின்னு சொன்னியே. அதைக் கேட்டுச் சிரிக்கத்தான்," என்றாள். "நீ அந்தப் பக்கம் போனதும் சிரிச்சார். கடைசியாச் சிரிச்சது அதுதான்."

தணலைச் சட்டியில் வைத்துவிட்டுப் படியில் கையூன்றி எழப் பார்த்தாள். முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து, மருமகளின் கரிபடிந்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அடுக்களைப் பெண்கள் ஓடிவந்தார்கள். அழட்டும், அழட்டும், விடுங்க என்றார் சபாபதி.

*

அதன் பிறகு எல்லாம் சபாபதியின் வரிசைப்படி நடந்தது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். பெட்டியை மூடினார்கள். சட்டியைக் கயிற்றுறியில் வைத்து யோகநாதன் கையில் கொடுத்தார்கள். பெண்கள் வாசல் கேற்றோடு நிற்க வேண்டும், சுடுகாட்டுக்கு வரக்கூடாது. கேற்றைப் பிடித்துக்கொண்டு சிவமலர் நின்றாள். அவள் தோளில் சாய்ந்தபடி குணபூசணி நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம், மூன்று பிள்ளைகளோடு லத்தீஃபா.

ஜெயராஜ் வேனை மெதுவாக எடுத்தான். யோகநாதன் முன்சீட்டில் சட்டியை மடிக்கு வெளியே, ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேன் தெருமுனையில், கேற்றிலிருந்தே தெரிகிற ரயில் பாதைக்குப் போனது. போன நேரம் பார்த்து மணியடித்துக் கேற் இறங்கியது. வேன் நின்றது. அதன் பின்னால் கார்கள் நின்றன. மோட்டார் சைக்கிள்கள் நின்றன. பாசாரிலிருந்து கீரை ஏற்றிவந்த லோரி ஒன்று நின்றது.

இன்னும் மழை வரவில்லை. காற்றும் இல்லை. வேனின் ஜன்னலிலிருந்து ஒரு புகை கிளம்பி, நூல் பிடித்தது போல நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. முதலில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் அதைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்து, தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினான். மலாய்க்காரப் பையன். பக்கத்தில் நின்றவனும் அணைத்தான். பின்னால் லோரி அணைந்தது. ஒவ்வொன்றாக எல்லா எஞ்சின்களும் நின்றுபோய், தெரு இந்த வீட்டு கேற் வரை அமைதியானது.

துறைமுகத்துக் கூட்ஸ் வண்டி வந்தது. நீளமான வண்டி. அது கடக்கிறபோது அந்தப் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, தரையைத் தொடுகிற அளவு தாழ்ந்தது. குணபூசணியின் விரல்கள் சிவமலரின் தோளை அழுத்தின.

கடைசிப் பெட்டியும் போனது. புகை நிமிர்ந்து நேராக நின்றது.